பழவேற்காட்டு மாணவர் : ஆபிரகாம் ரோஜர்

கற்றல் என்பது கல்விக்கூடத்தின் சுவர்களுக்குள் முற்றுப்பெறுவதன்று. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1374ஆம் ஆண்டு முதல் இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அலுவலராக இருந்தவர். பகலில் கணக்கேடு எழுதியவர், ஓய்வு நேரத்தில் தாமே பிறமொழி நூல்களைப் பயின்றார். பின்னாளில் அவர் புனைந்த காண்டர்பரிக் கதைகளில் திருத்தலப் பயணியர் முறைவைத்துக் கதை சொல்கின்றனர். அவற்றுள், புதையலுக்காக மூவர் ஒருவரையொருவர் கொன்று மடியும் கதை பௌத்த சாதகக் கதையொன்றை ஒத்திருத்தலை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். கதையும் பாட்டும் இவ்வாறு கடல் கடக்கின்றன. ஆயின் அவற்றைக் கடத்தியவர் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகிறது. அவ்வாறு மறையாமல் நின்ற ஆசிரியர், மாணவர் இருவரைப் பழவேற்காடு தந்துள்ளது.

மடவையும் இறாலும் நண்டும் தேடி வலைஞர் வாழும் ஏரிக்கரை ஊர் பழவேற்காடு. ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை இக்கரைச் சிற்றூர்களுக்கு உரியது. இங்கு 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கடற்கரையில் அவர்தம் வாணிகத்திற்கு 1690 வரை இதுவே தலைமையிடம். துணிப்பொதிகள் மட்டுமன்றி, அடிமைகளாக்கப்பட்ட மாந்தரும் இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இக்கோட்டைக்குச் சமயகுருவாக 1630களின் தொடக்கத்தில் வந்தவர் ஆபிரகாம் ரோஜர். கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லும் குருமாரைப் பயிற்றுவிக்க லெய்டன் நகரில் வாலேயஸ் நடத்திய கல்லூரியில் பயின்றவர். போதிக்க வந்தவர், இங்குக் கேட்பவராக மாறினார். பத்மநாபர் என்னும் பிராமணரை அடுத்து, பிராமணர்தம் வாழ்வையும் வழிபாட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். ரோஜர் வடமொழி அறியார். இருவர்க்கும் பொதுவாய் நின்றது போர்த்துகீசிய மொழி. பாடத்திட்டமோ தேர்வோ பட்டமோ இல்லாத கல்வி அது.

பர்த்ருஹரியின் பாடல்களை அவர் பெற்றதும் இவ்வகையிலேயே. பத்மநாபர் பொருள் சொல்ல, நீதி, வைராக்கியம் ஆகிய இரு சதகங்களையும் ரோஜர் டச்சு உரைநடையில் எழுதிக்கொண்டார். காமத்தைப் பாடும் சிருங்கார சதகத்தை விளக்கப் பத்மநாபர் இசையவில்லை. எதைக் கொடுப்பது, எதைக் கொடாது விடுப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கோட்டையும் பீரங்கியும் ஒருபுறம் இருக்க, இந்த ஓர் இடத்திலேனும் அதிகாரம் உள்ளூராரிடம் இருந்தது.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் வாழ்ந்த ரோஜர், பின்னர்ப் பத்தாவியா சென்று, 1647இல் தாயகம் திரும்பினார். 1649இல் கௌடா நகரில் காலமானார். நூலை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர்தம் மனைவியின் முயற்சியால் 1651இல் அது லெய்டனில் வெளிவந்தது. மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயரின் பொருள். ஐரோப்பிய மொழியில் அச்சேறிய முதல் வடமொழி இலக்கியம் அதன்கண் உள்ள பர்த்ருஹரியே என்பர். 1663இல் ஜெர்மன் மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் நூல் பெயர்ந்தது. பின்வந்த ஹெர்டர் போன்ற ஜெர்மானியக் கவிஞர்க்குப் பர்த்ருஹரியை அறிமுகம் செய்ததும் அதுவே.

குறைகளும் உள. வடமொழி போர்த்துகீசியமாகி, அது டச்சு மொழியாகும்போது பாட்டின் ஓசை முற்றிலும் உதிர்ந்தது. கருத்து மட்டுமே எஞ்சியது. நூல் பெரும்பான்மையும் பிராமணர் வாழ்வையே பேசுகிறது. கோட்டைக்கு எதிரே தோணி தள்ளிய நெய்தல் மக்களின் பாட்டு அதில் ஏறவில்லை. ரோஜர் திறந்த கதவு ஒன்றே. திறவாத கதவுகள் பல.

எனினும் ஒரு நேர்மைக்காக அவரை நினைவுகூர்தல் தகும். தாம் அறிந்தவற்றை எவரிடம் அறிந்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. அதனாலேயே பழவேற்காட்டில் வாழ்ந்த பத்மநாபர் பெயர் இன்றும் நிற்கிறது. கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது; கற்ற இடத்தைக் கூறிய மாணவரால் ஆசிரியர் பெயர் அழியாதிருக்கிறது. பாட்டைப் பிறரிடம் கேட்டுப் பெறும் எவர்க்கும் இது பொருந்தும் அறமாகும்.