குறுகிய ஓட்டங்களால் நெடுந்தூரத்தை வென்ற எமில் ஸாட்டோபெக்

ஒலிம்பிக் வரலாற்றில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் ஒரே போட்டித் தொடரில் தங்கப் பதக்கம் வென்றவர் ஒருவரே. அவர் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த எமில் ஸாட்டோபெக். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் அவர் நிகழ்த்திய இந்தச் சாதனையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. எனினும், பதக்கங்களைக் காட்டிலும் அவர் விட்டுச்சென்ற பயிற்சி முறையே ஓட்டக் கலையை அதிகம் மாற்றியது எனலாம்.

1922 ஆம் ஆண்டு செப்டம்பர் 19 ஆம் தேதி, மொராவியா பகுதியின் கொப்ரிவ்னிட்ஸே என்ற ஊரில் ஓர் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். பதின்ம வயதிலேயே ஸ்லீன் நகரிலிருந்த பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தமிழர்களும் நன்கறிந்த அதே பாட்டா நிறுவனம்தான் அது. 18 வயதில், தொழிற்சாலை இளைஞர்களுக்கான ஓட்டப் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ளும்படி அவருக்கு உத்தரவிடப்பட்டது. தாம் பலவீனமானவர் என்று கூறி அவர் மறுத்துப் பார்த்தார். மருத்துவரோ அவரது உடலில் குறையேதும் இல்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடியவர், சுமார் நூறு பேரில் இரண்டாவதாக வந்தார்.

நாடு அப்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. எந்தப் பயிற்சியாளரையும் முழுமையாகச் சார்ந்திராமல், பின்லாந்து வீரர் பாவோ நூர்மியின் பயிற்சி குறித்துத் தாம் அறிந்ததைக் கொண்டும் சுய பரிசோதனையைக் கொண்டும் ஸாட்டோபெக் தமக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். 1944 ஆம் ஆண்டுக்குள் 2,000, 3,000, 5,000 மீட்டர் ஓட்டங்களில் தேசியச் சாதனைகள் அவர் வசமாயின. போருக்குப் பின் அவர் ராணுவத்தில் சேர்ந்தார்.

கேள்விக்குள்ளான முறை

நெடுந்தூரம் ஓட விரும்புபவர் நெடுந்தூரம் ஓடியே பழக வேண்டும் என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை. ஸாட்டோபெக்கின் சிந்தனை வேறாக இருந்தது. மெதுவாக ஓடத் தமக்கு ஏற்கெனவே தெரியும், வேகமாக ஓடுவதே கற்க வேண்டியது என்று அவர் கருதினார். எனவே 200 மீட்டர், 400 மீட்டர் என்ற சிறு தூரங்களை விரைவாக ஓடுவார், இடையில் சுமார் 200 மீட்டர் மெல்ல ஓடி மூச்சைச் சீர்செய்துகொள்வார், மீண்டும் விரைவார். 1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் காலத்தில் ஐந்து முறை 200 மீட்டர், இருபது முறை 400 மீட்டர், மீண்டும் ஐந்து முறை 200 மீட்டர் என்பது அவரது வழக்கமான பயிற்சியாக இருந்தது.

இதன் பின்னுள்ள கணக்கு எளியது. ஹெல்சிங்கியில் அவர் 10,000 மீட்டரை 29 நிமிடம் 17 விநாடிகளில் ஓடினார். அதாவது 400 மீட்டர் கொண்ட ஒரு சுற்றுக்குச் சுமார் 70 விநாடிகள். அந்த வேகத்தில் 25 சுற்றுகளை இடைவிடாது தினமும் ஓடுவது எவருக்கும் இயலாது. ஆனால் அதைத் துண்டுகளாகப் பிரித்து, நடுவே இளைப்பாறினால், பந்தய வேகத்துக்கு அருகில் நெடுநேரம் உழைக்க இதயத்தையும் கால்களையும் பழக்கலாம்.

இடைவெளிப் பயிற்சியை முதலில் கண்டுபிடித்தவர் அவரல்லர். ஜெர்மனியின் வோல்டெமார் கெர்ஷ்லர் போன்ற பயிற்சியாளர்கள் 1930களிலேயே அதைக் கையாண்டனர். ஸாட்டோபெக் அதன் அளவைத்தான் எவரும் எண்ணிப்பாராத எல்லைக்குக் கொண்டுசென்றார். பிற்காலத்தில் ஒரே நாளில், காலையும் மாலையுமாக, நூறு முறை வரை 400 மீட்டர் ஓடியதாகப் பதிவுகள் உள்ளன. பனி படர்ந்த காட்டுப் பாதைகளில் கனமான ராணுவக் காலணிகளுடன் ஓடுவதும் அவரது வழக்கம்.

லண்டனில் அவர் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். தலை சாய்ந்து, முகம் கோணி, வேதனையில் துடிப்பவர் போல ஓடிய அவரது தோற்றம் பலரது ஏளனத்துக்கு இலக்கானது. ஹெல்சிங்கியில் அதே தோற்றத்துடன் எட்டு நாட்களில் மூன்று தங்கம் வென்றார். மாரத்தான் தூரத்தை அவர் பந்தயத்தில் ஓடியது அதுவே முதல் முறை. 5,000 மீட்டரை அவர் வென்ற அதே நாளில், அவர் பிறந்த அதே தேதியில் பிறந்தவரான மனைவி டானா, ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். 1954 இல் 10,000 மீட்டரை 29 நிமிடங்களுக்குள் ஓடிய முதல் மனிதரும் ஸாட்டோபெக்தான்.

அவரது கடுமையை அப்படியே பின்பற்றுவது அறிவுடைமையாகாது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட், மிதமான வேகத்தில் வாரத்துக்கு நூறு மைல் ஓடவைத்த வீரர்கள் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர். இன்றைய முன்னணி ஓட்டவீரர்களும் பெரும்பகுதித் தூரத்தை நிதானமாகவே ஓடுகின்றனர். ஆனால் வாரத்தில் ஓரிரு நாட்களேனும் அவர்கள் செய்யும் விரைவுப் பயிற்சியில் ஸாட்டோபெக்கின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

வீழ்ச்சியும் மீட்சியும்

கம்யூனிஸ்ட் அரசு அவரைத் தனது பெருமிதமாகக் காட்டிவந்தது. ஆயினும் 1952 இல், தந்தை அரசியல் கைதியாக இருந்த காரணத்தால் சக வீரர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த் ஒலிம்பிக் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டபோது, அவரின்றித் தாமும் செல்வதில்லை என்று ஸாட்டோபெக் மறுத்தார். இறுதியில் இருவரும் சென்றனர். 1968 இல் சீர்திருத்தவாதிகளை ஆதரித்தார். சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்தபோது பகிரங்கமாகக் கண்டித்தார். இம்முறை அரசு விடவில்லை. ராணுவப் பதவியும் கட்சி உறுப்புரிமையும் பறிபோயின. உலகமே அறிந்த வீரர், குடும்பத்தைப் பிரிந்து, நிலத்தைத் துளையிடும் குழுக்களுடன் ஊர் ஊராக ஆண்டுக்கணக்கில் உடலுழைப்பில் ஈடுபட்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் தமது கருத்துகளைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றதைப் பழைய தோழர்கள் சிலரால் மன்னிக்க முடியவில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பின், 1990 இல் அவர்மீதான நடவடிக்கைகள் தவறானவை என்று ஏற்கப்பட்டு, அவரது மதிப்பு மீட்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. 2000 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிராக் நகரில் அவர் காலமானார்.