குடை தந்த கம்பெனி

அச்சமூட்டி ஆளும் அதிகாரத்தை எவரும் கண்டுகொள்வர். ஆசை காட்டி ஆள்வதோ எளிதில் கண்ணிற்படாது. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடித் துறையில் இவ்விரண்டையும் எதிர்த்து நின்றார். 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து வக்கீலான அவர், 1906-ல் 10 லட்சம் ரூபாய் மூலதனத்திற்குச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, கொழும்புக்குக் கப்பல் விட்டார்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கிற்று. உடனே வெள்ளையர் கட்டணமே வேண்டாமென்றதுடன், ஏறுவோர்க்குக் குடையும் இனாமாய்க் கொடுத்தனர். பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் ஏழைக்கு அக்குடை அற்பமன்று. அதை வாங்கியவனைத் துரோகியென ஏசுவதும் நியாயமன்று. நெடுங்காலம் அக்கடலில் லாபங்கண்ட கம்பெனிக்கு அந்நஷ்டத்தைத் தாங்கும் சக்தி இருந்தது; பங்கு பங்காய்ப் பணஞ் சேர்த்த நம்மவர்க்கு அது இல்லை.

பிள்ளையவர்களிடமும் ஒரு வசீகரம் உண்டு. 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளர் அவர் சொற்கேட்டு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். அவ்வசீகரத்திற்கு எதிராக இனாமாய் வீசுவதற்கு ஒன்றும் அகப்படாத சர்க்கார், மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல் கோர்ட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது துறையில் சுதேசிக் கப்பல் இல்லை. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே காலமானார்.