வள்ளல் பச்சையப்பர்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு பெரிய திருக்குளத்தின் அருகே வராகமூர்த்தியின் கோயில் உள்ளது. கடலில் ஆழ்ந்த பூமிப்பிராட்டியைத் தம் கொம்பில் ஏந்தி மேலே கொணர்ந்த பெருமான் அவர். அந்த வராக உருவத்தைப் பொற்காசில் பொறித்த மன்னர்கள் தென்னாட்டில் பலர். அதனால் காசுக்கே வராகன் என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் காசிலிருந்து உருவம் மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கடைத்தெருவில் புழங்கிய பணமும் வராகன்தான். ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமம். ஏழை விதவையின் மகனாகப் பிறந்த ஒருவர் அத்தகைய வராகன்களை லட்சக்கணக்கில் ஈட்டி, இறக்கும்போது அனைத்தையும் அறத்திற்கென்று எழுதி வைத்தார். அவரே பச்சையப்ப முதலியார்.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த விசுவநாத முதலியாருக்கும் பூச்சியம்மாளுக்கும் மகனாக 1754-ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் பச்சையப்பர் பிறந்தார். தந்தையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. குழந்தை பிறக்குமுன்பே விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். பெண் குழந்தைகளுடனும் கைக்குழந்தையுடனும் ஆதரவற்று நின்ற பூச்சியம்மாளுக்குக் கணவரின் நண்பர் ஒருவர் சில ஆண்டுகள் உதவினார். அவரும் மறைந்தபின், அந்த அம்மையார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, பவுனி நாராயண பிள்ளையின் இல்லத்தை அடைந்தார். நாராயண பிள்ளை துபாஷ் தொழிலில் பேர்பெற்றவர். துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆங்கிலேயர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக, தரகராக, கணக்கராக, சமயத்தில் கடன் கொடுப்பவராகவும் விளங்கியவர்கள் துபாஷிகள். தஞ்சமென்று வந்த குடும்பத்தை நாராயண பிள்ளை தம் குடும்பமாகவே ஏற்றுக்கொண்டார். சிறுவனுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார்.

தந்தையற்ற ஒரு பிள்ளைக்கு யாரோ ஒருவர் தந்த அந்தக் கல்வியே பின்னால் விளைந்த அனைத்திற்கும் வித்து.

பதினாறாம் வயதில் பச்சையப்பர் சொந்தமாகத் தொழிலில் இறங்கினார். ஐரோப்பியர்களுக்கு வேண்டிய பொருள்களை வாங்கித் தருவது, விற்றுத் தருவது, அதில் கிடைக்கும் தரகைச் சேர்ப்பது என்று சிறிய அளவில்தான் அது தொடங்கியது. சொன்ன விலையும் சொன்ன நாளும் தவறாதவர் என்ற பெயர் பரவியது. பிறகு சலிவன் என்ற கம்பெனி அதிகாரியின் துபாஷியானார். அக்காலத்தில் பெருஞ்செல்வத்திற்கு வழி நிலமும் நில வருவாயும்தான். ஆற்காட்டு நவாபும் தஞ்சை மன்னரும் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகை ஆண்டுதோறும் மலைபோல் நின்றது. அறுவடைக்கு முன்பே தவணை கட்டியாக வேண்டும். கருவூலத்தில் பணம் இராது. அப்போது முன்பணம் தந்து உதவுபவர்களுக்குக் குறிப்பிட்ட ஊர்களின் வருவாய் ஈடாகும். பச்சையப்பர் தஞ்சையில் பெரும்பொருள் ஈட்டியது இத்தகைய கொடுக்கல் வாங்கலில்தான்.

இதில் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. அந்த ஏற்பாட்டின் சுமை கடைசியில் உழுபவன் தோளில்தான் விழுந்தது. அதன் மூலம் செல்வம் குவித்த துபாஷிகள் சென்னையில் அன்று பலர் இருந்தனர். மாளிகைகளும் தோட்டங்களும் வாங்கிய அவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று ஒரு தெருப்பலகையில் எஞ்சியிருந்தாலே அதிகம். பச்சையப்பர் வேறுபட்டது பணம் வந்த வழியில் அல்ல, அதை அவர் யாருடையதாகக் கருதினார் என்பதில்.

அவர் வாழ்ந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. காஞ்சியைச் சுற்றிய சிற்றூர்கள் எரிந்தன. மக்கள் சாரிசாரியாகச் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடிவந்தனர். அடுத்து வந்த பஞ்சத்தில் நகரத்துத் தெருக்களிலேயே உயிர்கள் மடிந்தன. 1782-இல் கஞ்சி வார்ப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடே பின்னாளில் மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. அன்னதானமும் சத்திரமும் அந்தத் தலைமுறைக்கு வெறும் புண்ணியச் செயல்கள் அல்ல, உயிர்காக்கும் பணிகள்.

கூவம் நதிக்கரையில் கோமளீசுவரன்பேட்டையில் பச்சையப்பர் வசித்தார். அப்போது கூவத்தில் நீராடலாம் என்பதை இன்றைய சென்னைவாசிகள் நம்பக்கூடச் சிரமப்படுவார்கள். அந்த நதியில் நீராடி, கோமளீசுவரரை வழிபட்டு நாளைத் தொடங்குவது அவரது வழக்கம். தமக்கை சுப்பம்மாளின் மகள் ஐயாளம்மாளை மணந்திருந்தார். பிறகு தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஒருவரையும் மணந்தார். ஆனால் சொத்துக்கு உரிமை கொண்டாட ஆண் வாரிசு இல்லை.

1794-ஆம் ஆண்டு தஞ்சைப் பகுதியில் இருந்தபோது நோய் முற்றியது. மார்ச் 22-ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். தம் செல்வத்தைச் சிவ, விஷ்ணு ஆலயங்களின் கைங்கரியத்திற்கும், காசி முதல் தென்கோடி வரையுள்ள தலங்களில் அன்னதானம் முதலிய தருமங்களுக்கும் ஒப்படைத்தார். தம்மை வளர்த்த நாராயண பிள்ளையையே அதை நிறைவேற்றும்படி கேட்டுக்கொண்டார். மார்ச் 31-ஆம் நாள் திருவையாற்றில் அவரது உயிர் பிரிந்தது. வயது நாற்பது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அவரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். ஏனெனில் உயில் எழுதியவர் கண்மூடியதும் உறவினர்களும் மற்றவர்களும் உரிமை கொண்டாடி எழுந்தனர். வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. சென்னையில் நீதிமன்றங்களின் அமைப்பே இருமுறை மாறியது. வழக்கு மட்டும் மாறவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் பசித்தவனுக்கு உரிய சோறு காகிதக் கட்டுகளில் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் ஹெர்பர்ட் காம்ப்டனும் அவருக்குப்பின் ஜார்ஜ் நார்ட்டனும் இதைப் பொது அறச்சொத்து என்று வாதாடி மீட்டனர். அன்னிய நாட்டு வழக்கறிஞர் ஒருவர் ஓர் இந்துவின் ஆலய தருமத்திற்காகப் போராடியது நன்றியுடன் நினைக்கத்தக்கது. இதற்குள் வட்டி குட்டி போட்டுத் தொகை பெருகியிருந்தது. உயிலில் கண்ட தருமங்களுக்கென ஒரு லட்சம் வராகன் ஒதுக்கிய பிறகும் சுமார் நாலரை லட்சம் ரூபாய் எஞ்சியது.

எஞ்சியதை என்ன செய்வது? உயிலில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் பற்றிய பேச்சு இல்லை. அக்காலத்தில் சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற விரும்பிய இந்துச் சிறுவன் பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளையே நாட வேண்டியிருந்தது. அங்கே விவிலியப் பாடம் கட்டாயம். மதமாற்ற அச்சத்தால் பெற்றோர் கலங்கினர். ஆகவே மிகுதிப் பணத்தைக் கல்விக்குப் பயன்படுத்துவதென நீதிமன்ற ஒப்புதலுடன் முடிவாயிற்று. கோமளீசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை முதலிய இந்துப் பெருமக்கள் அறங்காவலர்களாக அமைந்தனர். 1842 ஜனவரியில் கறுப்பர் நகரத்தின் பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி தொடங்கியது. ஏழைச் சிறுவர்களுக்கு இலவசக் கல்வி என்பது அதன் நோக்கம். அதற்காக ஏதென்ஸ் நகரக் கோயில் ஒன்றின் பாணியில் எழுந்த மண்டபத்தை 1850-இல் ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்து வைத்தார். காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பச்சையப்பர் பெயரில் பள்ளிகள் எழுந்தன. சென்னைப் பள்ளி 1889-இல் முதல்நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. 1940-இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது. 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட அக்கல்லூரி, நாடு விடுதலை பெற்ற காலத்தில் அனைவருக்கும் கதவைத் திறந்தது.

கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பை இழந்து வந்த கணிதமேதை ராமானுஜனுக்கு 1906-இல் இடம் தந்தது இக்கல்லூரியே. கணிதம் தவிர மற்ற பாடங்கள் கைகொடுக்காமல் இங்கும் அவர் தேர்வில் வெல்லவில்லை என்பது வேறு விஷயம். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து இங்கே பயின்ற அண்ணாதுரை 1967-இல் மாநிலத்தின் முதலமைச்சரானார்.

சிதம்பரத்தில் நடராஜப் பெருமானின் கிழக்குக் கோபுரத் திருப்பணியைச் செய்து முடித்தவர் சுப்பம்மாள். பச்சையப்பருக்கு அவர் தமக்கையும் மாமியாரும் ஆவார். கோபுர வாயிலைக் கடப்பவர்கள் சற்று நின்று பார்த்தால், பச்சையப்பரும் ஐயாளம்மாளும் அங்கே சிலைவடிவில் நிற்பதைக் காணலாம். வழிகேட்டு விரையும் கூட்டத்தில் பலர் அவர்களைக் கவனிப்பதில்லை.