சீட்டுக்கட்டை எண்ணிய வைத்தியர்

மாணவர்களே, நிகழ்தகவில் சீட்டுக்கட்டுக் கணக்கைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதற்கு வழிகோலியவர்களுள் ஒருவர் சூதாடி!

ஜெரோலாமோ கார்டானோ 1501இல் இத்தாலியின் பாவியா நகரில் பிறந்தார். பெயர்பெற்ற வைத்தியர், கணிதமேதை. ஆயினும் சூதினால் மனைவியின் நகைகளையும் வீட்டுத் தளபாடங்களையும் அடகு வைக்க நேர்ந்தது. மற்றவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க, அவர் எண்ணத் தொடங்கினார். தாயக்கட்டையிலும் சீட்டிலும் வரக்கூடிய எல்லா விளைவுகளையும் எண்ணி, அவற்றுள் சாதகமானவை எத்தனை என்று பார்த்தார். நீங்கள் மாதிரிவெளி என்று எழுதுவது இந்த முழு எண்ணிக்கையைத்தான்.

அவ்வாறே எண்ணுங்கள். 52 சீட்டுகளில் இராசா 4. எழுமாற்றாக எடுக்கும் சீட்டு இராசாவாக இருக்கும் நிகழ்தகவு 4/52, அதாவது 1/13. அதைத் திரும்ப வைக்காமல் இரண்டாவதை எடுத்தால் 3/51, அதாவது 1/17. இங்கேயும் 4/52 என்று எழுதித்தான் பலர் புள்ளியை இழக்கின்றனர். இரண்டுமே இராசாவாக இருக்கும் நிகழ்தகவு 1/13 × 1/17 = 1/221. (நம்மூர் 304 விளையாட்டுக்கு 32 சீட்டுகளே, அங்கே முதற் சீட்டுக்கு 4/32.)

கார்டானோ 1576இல் உரோமில் காலமானார். சூதாட்டம் பற்றிய அவரது நூல் 1663இல்தான் அச்சேறியது. அதற்குள், 1654இல், பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்கள் வாயிலாக இக்கணிதத்தை வளர்த்துப் புகழைப் பெற்றுவிட்டனர்.