டிகிரி முடிக்காதவர், வரதட்சணை வாங்காதவர்: முதல் இந்திய ஆங்கிலிகன் பிஷப் அசரியாவின் கதை

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பஸ் ஏறி ராயபுரம் வருபவர்களுக்கு ரெய்னி ஆஸ்பத்திரி பழக்கமான இடம். அதன் பெயருக்கு முன்னால் சிஎஸ்ஐ என்று ஒரு சுருக்கம் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபை என்று அர்த்தம். தனித்தனியாக இயங்கிய பல மிஷன் சபைகள் 1947ல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது அது. அந்தச் சேர்க்கைக்காக 25 வருடம் உழைத்துவிட்டு, அதைப் பார்க்காமலேயே இறந்துபோன தமிழர் ஒருவர் உண்டு. பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

யார் இவர்?

1874 ஆகஸ்ட் 17ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா கிராமத்து குருவானவர். பையன் டீனேஜில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு வளர்த்தது அம்மாதான். பிஏ படிக்க மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போக, கணக்குத் தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த முறை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 1895ல் ஒய்எம்சிஏ வேலையில் சேர்ந்துவிட்டார்.

டிகிரி இருந்தால் அரசு உத்தியோகம் நிச்சயம் என்ற காலம் அது. குடும்பத்தில் பணமும் பெரிதாக இல்லை. இன்றைக்கு ஒரு பையன் இப்படிச் செய்தால் வீட்டில் என்ன பேச்சு வாங்குவான் என்று சொல்லவே வேண்டாம்!

கல்யாணத்தில் எடுத்த முடிவு

1898ல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்தார். கல்லூரி வரை போன தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த நாட்களில் படித்தவர் அவர். இருவரும் பேசி வைத்து வரதட்சணையை ஒதுக்கினார்கள். ஆடம்பரச் செலவும் இல்லை.

அசரியாவின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப வரும் விஷயம். விசுவாசம் ஞாயிறு ஆராதனையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. யாரைக் கட்டுகிறோம், என்ன வாங்குகிறோம், எதை வேண்டாம் என்கிறோம் என்பதில்தான் அது தெரியும் என்று நம்பினார்.

யாழ்ப்பாணத்தில் பார்த்தது என்ன?

1902ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில், தங்கள் ஆட்களையே மிஷனரிகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதுவும் கடல் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கமே! திருநெல்வேலிக்காரர்கள் இன்னும் வெள்ளைக்காரர்கள் அனுப்பும் பணத்தை நம்பியிருக்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது.

அடுத்த வருடமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. பணம், ஆட்கள், நிர்வாகம் எல்லாமே இந்தியர்களுடையது. அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல். இன்றைய தெலங்கானா.

மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கட்டத்தில் கேள்வி தன்னிடமே வந்தது. நான் ஏன் போகக்கூடாது? 1909ல் ஒய்எம்சிஏ வேலையை விட்டார். வயது 35. மனைவி, குழந்தைகள் இருக்கிறார்கள். போகிற ஊரில் பேசும் தெலுங்கு மொழியைப் படித்துத்தான் ஆகவேண்டும். ஆரம்பத்தில் தங்கியது கூடாரத்தில். கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அந்த வீட்டில் வெறும் பேச்சாக இல்லை. மாசச் செலவே அதை நம்பித்தான்.

எடின்பரோவில் ஏன் சலசலப்பு?

1910ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பேர் வந்தார்கள். அதில் ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அந்த மேடையில் அசரியா பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் உழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களைச் சமமாக நினைத்துப் பழகும் நண்பர்கள் இன்னும் கிடைக்கவில்லையே என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் 1912 டிசம்பர் 29ல், கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஓர் இந்தியருக்குக் கீழ் வேலை செய்ய வேண்டுமா என்று முணுமுணுத்த மிஷனரிகளும் உண்டு. டிகிரி முடிக்காத அவருக்கு 1920ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக்கதை.

பிடி அரிசியின் கணக்கு

தோர்னக்கலில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். அன்றன்றைய கூலியில் அன்றன்றைய சோறு. இவர்களிடம் காணிக்கை கேட்கலாமா?

கேட்கலாம் என்றார் அசரியா. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது. பிறகு அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவது. இவ்வளவுதான். பெண்கள் சமையலறையில் தினமும் எடுத்த இந்தச் சின்ன முடிவு, ஊர் ஊராகச் சபைகளைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது. கொடுக்கிற கை தன்னை ஏழை என்று மட்டும் நினைக்காது என்பது அவருடைய கணக்கு. ஒரு பிடி குறைந்தாலும் நாளைக்குச் சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

காந்தியோடு என்ன பிரச்சினை?

தலித் மக்கள் கூட்டமாக மதம் மாறுவதை 1930களில் காந்தி கடுமையாக எதிர்த்தார். அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. மதத்தைத் தேர்ந்தெடுக்க ஏழைக்கும் உரிமை உண்டு என்பது அவர் நிலை. அதற்காக அவரை பிரிட்டிஷ் ஆள் என்று சொல்லிவிடவும் முடியாது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுப்பதை அவரே எதிர்த்தார். தோர்னக்கலில் அவர் கட்டி, 1939ல் திறந்த பேராலயத்தில் கோயில் மண்டபத் தூண்களும் மசூதியின் மினார்களும் சேர்ந்தே நிற்கின்றன.

பார்க்காமல் போன நாள்

1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபைகளை ஒன்றாக்கும் பேச்சு தொடங்கியது. முன்னின்றவர்களில் அசரியாவும் ஒருவர். வருடக்கணக்கில் கமிட்டி, கடிதம், வாக்குவாதம். 1945 ஜனவரி 1ல் தோர்னக்கலில் அவர் இறந்தபோது முடிவு வரவில்லை. 1947 செப்டம்பர் 27ல், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

எழுதாத ஒரு தேர்வு, வாங்காத வரதட்சணை, விட்ட ஒரு வேலை, எடுத்து வைத்த ஒரு பிடி அரிசி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய அற்புதம் இல்லை. எதற்குமே பலன் கியாரண்டி இல்லாமல்தான் அவர் எடுத்தார். அதைத்தான் அவர் விசுவாசம் என்று புரிந்துவைத்திருந்தார்.