கட்டியவருக்குப் பாட இடமில்லை

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் செஞ்சி வட்டாரத்து மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் தெரியும். மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் நடக்கிறது. தேவதாசி முறையில் சிக்கி, அதிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்கப் போராடியவர் அவர். அதே முறைக்குள் பிறந்து வேறொரு வழியில் போராடிய இன்னொரு பெண்ணின் வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம். அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நாகரத்தினம்மாள் தலித் அல்லர். ஆனாலும் பிறப்பைக் காட்டி ஒருவரை வாசலிலேயே நிறுத்துவது எப்படி நடக்கிறது, அதை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

1878-ல் மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி. தந்தை கைவிட்டுவிட, தாய் தனியாளாக நின்று மகளுக்குச் சமஸ்கிருதமும் இசையும் நடனமும் கற்பித்தார். கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒருவரே பாதியில் விலக்கிவிட்டபோதும் தாய் தளரவில்லை. பெங்களூரில் வேறு குருவைத் தேடிப் பிடித்தார். சிறுவயதிலேயே தாயையும் இழந்த நாகரத்தினம்மாள் 15 வயதில் மேடையேறினார். பின்னர் சென்னைக்கு வந்து குடியேறி, வருமான வரி கட்டும் அளவுக்குப் பாடிச் சம்பாதித்தார்.

பாட்டோடு அவர் நிற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' நூல், பல பாடல்கள் வெட்டப்பட்டு அச்சாகியிருந்தது. நாகரத்தினம்மாள் முழு நூலையும் தேடியெடுத்து 1910-ல் பதிப்பித்தார். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். ஆண்கள் அதைவிடக் கூடுதலாகவே எழுதியிருக்கிறார்களே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. 1947-ல்தான் தடை நீங்கியது.

அடுத்தது திருவையாறு. 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி காவிரிக்கரையில் கேட்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. செய்தி அறிந்த நாகரத்தினம்மாள் 1921-ல் திருப்பணியைத் தொடங்கினார். தன் சேமிப்பையும் நகைகளையும் செலவிட்டுக் கோயில் எழுப்பினார். 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

கோயில் எழுந்தது, அவருக்குப் பாட இடம் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. அவருடைய காசு வேண்டும், குரல் வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். நம் ஊர்த் திருவிழாக்களில் பறையடிப்பவர் வெளியே நிற்க, பறையோசை மட்டும் உள்ளே போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

அவர் அழுது திரும்பவில்லை. தன்னைப் போன்ற பெண் கலைஞர்களைத் திரட்டினார். சமாதியின் பின்புறத்தில் பெண்களே பாடும் தனி ஆராதனையை நடத்தினார். அது பெண்கள் கட்சி என்றே பெயர் பெற்றது. ஓராண்டோடு விடாமல் தொடர்ந்து நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. பெண்களும் பாடினார்கள். இன்று தை மாத ஆராதனையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்ந்து பாடுவதற்குப் பின்னால் அந்தப் பிடிவாதம் இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இது நடந்தது. 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் ஓர் அரங்கம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவிடத்தின் திறந்த வெளியில் பாடினார். சுமார் 75,000 பேர் திரண்டு கேட்டார்கள்.

நாகரத்தினம்மாளின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தேவதாசி ஒழிப்பைக் கொண்டுவந்தபோது, சென்னை மாகாண தேவதாசிகள் சங்கம் அதை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தது. அந்தச் சங்கத்தின் முன்னணியில் நாகரத்தினம்மாள் இருந்தார். தங்களைப் பாலியல் தொழிலாளர்களோடு சேர்த்து எண்ண வேண்டாம், தங்கள் பெண்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது நல்லதே. அதில் முத்துலட்சுமியும் இராமாமிர்தம் அம்மையாரும் சொன்னதே சரி. ஆனால் நம்மைப் பற்றிச் சட்டம் போடும்போது நம்மிடம் கேளுங்கள் என்று சங்கமாக நின்று கேட்ட குரலையும் நாம் தள்ளிவிட முடியாது. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி மற்றவர்களே முடிவெடுப்பது இன்றும் நடக்கிறது அல்லவா?

கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கிய அவர், தன் சொத்தைச் சமாதிக்கு எழுதி வைத்தார். பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்று உயிலில் நிபந்தனை வைத்தார். வாய்வார்த்தையை அவர் நம்பவில்லை. 1952 மே 19 அன்று மறைந்தார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது.

நம் கிராமங்களில் மகளிர் குழு இல்லாத தெரு இல்லை. கடன் வாங்கி அடைப்பதோடு அவை நின்றுவிட வேண்டாம். ஊர்ப் பொதுமேடையில் யாருக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று குழுவாகக் கேட்கலாம், மனு எழுதலாம், பதில் வரும்வரை தொடரலாம். மறுத்தால் பின்புறத்திலாவது நாமே மேடை போட்டுப் பாடத் தொடங்கலாம். திருவையாற்றில் வாசல் அப்படித்தான் திறந்தது.