ரவி வர்மாவும் பேர் தெரியாத கைகளும்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு லட்சுமி படம் உண்டு. ஆயாவுக்கு அவர் மாமியார் கொடுத்தது. தாமரைமேல் நிற்கும் திருமகள். பக்கத்தில் மாலை ஏந்திய யானை. அடியில் பொடி எழுத்தில் ரவி வர்மா அச்சகத்தின் பெயர். அதை ரவி வர்மா ஒருவரே செய்த படம் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

1848இல் கிளிமானூரில் பிறந்தவர் அவர். பிள்ளையின் கைத்திறனைக் கண்ட தாய்மாமன், பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்த ஆறுமுகம் பிள்ளை வரைந்த படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

1873இல் வியன்னாவிலும் 1893இல் சிகாகோவிலும் ரவி வர்மாவுக்குப் பரிசுகள் கிடைத்தன. அரண்மனைகள் அவரை அழைத்தன. தம்பி ராஜராஜ வர்மா கூடவே பயணம் செய்தார். அண்ணனின் பல படங்களில் பின்னணிக் காட்சிகளைத் தீட்டியவர் அவரே.

அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தை ஏழை எப்படிப் பார்ப்பான்? படங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்ற யோசனையை முன்னாள் திவான் மாதவராவ் 1884இலேயே கூறியிருந்தார். பத்தாண்டு கழித்து, 1894இல், பம்பாயில் கல்லச்சுக்கூடம் பிறந்தது. எந்திரங்களும் தொழில் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள்.

வேதியியல் மாணவன் என்பதால் இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். கல்லச்சின் இரகசியம், எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, சிறிது அமிலம் கலந்த கோந்துநீர் பூசுவார்கள். பிறகு கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், கோடு மையைப் பிடிக்கும்; வெற்றிடம் தள்ளிவிடும். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒரே படத்துக்குப் பத்துக் கற்களுக்கு மேலும் ஆகும். திரைச்சீலையில் ஓவியர் ஒரே வீச்சில் குழைத்த கன்னத்தின் நிறத்தை, எந்தெந்தக் கல்லில் எவ்வளவு பிரித்து வைப்பது என்று முடிவு செய்தவர் கல்லில் வரைந்த தொழிலாளி. அதையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும்! இதை வெறும் நகலெடுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானில் ஹொக்குசாயின் மரக்கட்டை அச்சுப் படங்களும் இப்படிப் பல கைகள் கூடிச் செய்தவையே. ஓவியர் வரைவார், செதுக்குபவர் கட்டையில் வெட்டுவார், அச்சிடுபவர் தாளில் ஏற்றுவார், பதிப்பாளர் முதல் போடுவார். உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் முதலாமவரை.

பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகம் லோனாவாலா அருகே மலவ்லிக்குப் போனது. கடன் ஏறியது. 1900களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஹரிடமே அதை விற்றுவிட்டார். 1905இல் தம்பி மறைந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ரவி வர்மாவும் மறைந்தார். அச்சகமோ 1972இல் தீக்கிரையாகும் வரை நடந்தது.

என் தந்தை இந்நகரில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் எந்திரம் ஓட்டுகிறார். பள்ளிப் படிப்பு எட்டாவதோடு சரி. நான் படித்ததையெல்லாம் ஒரு ஞாயிறன்று அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் லட்சுமி படத்தை மாடத்திலிருந்து இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். சேலை ஓரத்தில் சிவப்பு, மயிரிழை அளவு விலகியிருப்பதைக் காட்டினார். ஈரப்பதத்தில் தாள் நீண்டிருக்கும், அன்று மழை நாளாக இருந்திருக்கும் என்றார். பிறகு கையைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் நேற்றைய நீல மை இன்னும் போகவில்லை.